இரண்டு முடிச்சுப் புட்டி

ஜூன் 4

பாப்பாவுக்கு,

பதினேழு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும். இன்னும் பேசாமல் இருந்தால், நீயும், நீ போய்த் தங்கியிருக்கும் வீட்டு அத்தையும் சேர்ந்து எனக்குக் கட்டிவிட்டிருக்கும் ராட்சச வேஷம் எனக்கே பொருந்திப் போய்விடும்.

முதலில் கதவு. உன் அறைக் கதவைச் சாத்தியது நான்தான். ஓங்கித்தான் சாத்தினேன். நிலையில் உன் கை இருந்தது எனக்குத் தெரியாது. நீ அலறிய பிறகுதான் தெரிந்தது. அந்த அலறல்கூட எனக்குப் பாதிதான் கேட்டது. என் இடது காது செத்த காது. இதை ஒருமுறைதான் எழுதுவேன். மறுபடியும் விளக்கம் கேட்காதே.

இரண்டாவது, நீ செய்தது. மே மாதம் தோழி வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ரயிலேறி அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் நேர்முகத்துக்குப் போய் வந்திருக்கிறாய். தேர்வானதற்கான கடிதம் எங்கே வந்தது தெரியுமா? நான் இருபத்திநான்கு வருடமாக விரிவுரையாளனாகத் தேய்ந்துகொண்டிருக்கும் இதே துறையின் அலுவலகத்துக்கு. எழுத்தர் அதைப் பிரித்துப் படித்து, எல்லோருக்கும் காட்டி முடித்து, கடைசியில் என்னிடம் நீட்டினார்.

“என்ன சார், பொண்ணு பெரிய கடைக்குப் போகுதாமே? நம்ம சரக்கு பிடிக்கலியா?”

மூன்று பேர் சிரித்தார்கள். துறைத் தலைவியும் சிரித்தாள். அவள் என்னிடம் படித்தவள்; குடுவையை எந்தக் கையில் பிடிப்பது என்று நான் சொல்லிக்கொடுத்தவள். இன்று எனக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டுமென்றால் அவள் கையெழுத்துப் போடவேண்டும். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் அன்று சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ இங்கே படித்த இரண்டு வருடத்தில் ஒன்றைத்தான் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டை மறுபடியும் உட்கார்ந்து படிக்கவேண்டும். இங்கே நீ முதல் மாணவி. அங்கே நாற்பது பேரில் நாற்பதாவது. முதல் மாதம் உன் ஊர் எது என்று கேட்பார்கள், இரண்டாம் மாதம் அதையும் கேட்க மாட்டார்கள்.

நான் அங்கே முதுகலை படித்தவன் என்பதை நீ மறந்துவிட்டாய். மாதத் தேர்வில் முதலாவதாக வந்தேன். அதற்குப் பரிசாக விடுதி அறைக்கு நாலு பேர் வந்தார்கள். இருவர் என் கால்மேல் உட்கார்ந்தார்கள். ஒருவன் தலையணையை முகத்தில் அழுத்தினான். நாலாமவன் குதிகாலால் காதில் மிதித்தான், சிகரெட்டை அணைக்கிற மாதிரி, திருகித் திருகி. அந்த இடத்தின் பெயரைச் சொன்னால் உனக்குக் கண் விரிகிறது. எனக்கு வாயில் ரத்தம் ருசிக்கிறது.

பெற்றோர் ஒப்புதல் படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஜூலை பத்து கடைசித் தேதி. நான் கையெழுத்துப் போடமாட்டேன். வீட்டுக்கு வா.

உன் அப்பா

•

ஜூன் 9

அப்பா,

இடது கையால் எழுதுகிறேன். எறும்பு மை குடித்துவிட்டு நடந்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன் வேண்டாம். போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். காகிதம் கத்தினாலும் மடித்து வைக்கலாம்.

நடுவிரல் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, மோதிர விரல் ஒரு இடத்தில். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் போடும்போது டாக்டர், “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டார். “கதவு” என்றேன். “யார் சாத்தினா?” என்றார். அத்தை முந்திக்கொண்டு, “காத்து” என்றாள். டாக்டர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “பலமான காத்துதான்” என்று சொல்லிவிட்டு மாவைக் குழைத்தார்.

மறைத்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். சொல்லிவிட்டுப் போயிருந்தால் போயிருக்கவே முடியாது, அதனால் மறைத்தேன்.

நான் போக நினைப்பது உங்களைச் சிறுமைப்படுத்த இல்லை. நம் துறையில் இருக்கும் நிறமாலைமானி மூன்று வருடமாகத் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அதன் படத்தைப் பார்த்துத்தான் பாடம் நடத்துகிறீர்கள், அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி அதைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே கையை விட்டு, “சனியன் மறுபடியும் மக்கர் பண்ணுது” என்று திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் அதை அப்படித் திட்டவேண்டும் போல இருந்தது.

பயமும் இருக்கிறது. நடைவழியில் மாணவர்கள் ஏதோ ஒரு சமன்பாட்டுக்காக ஆசிரியரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள், பாதிதான் புரிந்தது. ஒரு வருடம் வீணாகும் என்பதையும் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். ஆனால் அப்பா, நான் இங்கே முதல் என்றால் என்ன அர்த்தம்? நீங்கள் கேள்வித்தாள் எடுக்கும் துறையில் நான் முதல். அது என் மூளையா உங்கள் வீட்டுச் சாப்பாடா என்று எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகவேண்டும்.

ஒன்று கேட்கவேண்டும். நேர்முகத்தில் உயரமாக ஒரு பேராசிரியர் இருந்தார். முகத்தில் வலது பாதி உருகி இறுகினது போல இருந்தது. அந்தப் பக்கம் கண் இல்லை. என் விண்ணப்பத்தில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, “அப்பாவோட காது இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அவருடைய ஆய்வகத்தில்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் யார்?

பாப்பா

•

ஜூன் 11

அவனா? அந்த நெட்டையனா?

காதை மிதித்தவன் காதை விசாரிக்கிறான். நீ பல்லைக் காட்டி “நல்லா இருக்கு சார்” என்று சொல்லியிருப்பாய். அவன் ஆய்வகத்தில் என் மகளா? என் ரத்தம் போய் அவன் குடுவையைக் கழுவுவதா?

அவன் முகத்துக்கு ஆனது விபத்து. விசாரணைக் குழு உட்கார்ந்து, விபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மூடிய விஷயம். லேபிள் இல்லாத புட்டி. நீர்த்த அமிலம் என்று நினைத்து எடுத்தேன், கை தவறித் தெறித்துவிட்டது. அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் கழித்து அதை உன் வழியாக என் வாசலுக்கு அனுப்புகிறான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. குறுக்கே எவன் நின்றாலும் அவனை மிதித்துக்கொண்டுதான் உன்னைக் கூட்டிப் போவேன் என்று உன் அத்தையிடம் சொல்லிவை. கையோடு அந்தப் படிவத்தையும் கொண்டுவருகிறேன். உன் கண் முன்னால் கொளுத்துவேன்.

அப்பா

•

ஜூன் 16

அப்பா,

படிவத்தை நீங்கள் கொளுத்தவில்லை. சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டீர்கள். மற்றதை எல்லாம் செய்தீர்கள். உங்களுக்கு எது நினைவிருக்கும் என்று தெரியவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

மாமா பனியனோடு வாசலுக்கு வந்தார். “மச்சான், உள்ள வாங்க. உக்காந்து பேசிக்கலாம். வெயில்ல வந்திருக்கீங்க” என்றார். அந்த வாக்கியம் முடியும் முன் நீங்கள் அவர் வாயில் குத்தினீர்கள். அவர் விழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார், பல். அதைப் பார்த்ததும் நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தீர்கள். கண்ணாடி அத்தையின் முழங்கையைக் கிழித்தது.

“அண்ணே! இது என் வீடு. இன்னொரு அடி எடுத்து வெச்சே, கூடப் பொறந்தவன்னு பாக்க மாட்டேன், போலீசக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடுடி! என் பொண்ண ஒளிச்சு வெச்சுக்கிட்டு எனக்கே போலீசா?”

“நீதான் ஒடைச்சு அனுப்பின. நாங்க கட்டுப் போட்டு வெச்சிருக்கோம்.”

நீங்கள் திரும்பினீர்கள். நாற்காலியின் கால் ஒன்று கையிலேயே இருந்தது. அதோடு தெருவில் இறங்கி நடந்தீர்கள். எதிர் வீட்டுக்காரர் தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். மெதுவாகச் சாத்தினார் அப்பா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை அம்மா ஒரு பையோடு வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று கேட்டேன். “ஒண்ணும் நடக்கல. நடக்கறதுக்கு முன்னாடி வந்துட்டேன்” என்றாள்.

போலீசுக்குப் போகவேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். பேசும்போது காற்று வெளியே போகிறது, அதை வைத்து அவரே ஜோக் அடிக்கிறார். அவரைப் பார்த்தால் எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம் வருகிறது.

நேற்று மத்தியானம் அந்தப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். கேட்டதும் சொன்னார். “ஆமாம்மா, உங்கப்பா காதை மிதிச்சது நான்தான். அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு, மிருகம் மாதிரி இருந்தேன். அதுக்கு நான் எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன்.” அதற்கப்புறம் உங்கள் ஆய்வகத்தைப் பற்றிச் சொன்னார். ஆவி பட்டுப் பட்டு லேபிள் எல்லாம் கருகி உதிர்ந்துவிடுமாம். அதனால் புட்டியின் கழுத்தில் மெழுகு தடவிய நூலைக் கட்டிவைப்பீர்களாம். ஒரு முடிச்சு என்றால் நீர்த்த அமிலம். இரண்டு முடிச்சு என்றால் அடர் அமிலம். பியூரெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், விரலால் தடவியே சரியான புட்டியை எடுப்பீர்களாம். இந்த வழக்கம் உங்கள் மேசையில் மட்டும்தான் இருந்ததாம். ஆரம்பித்து வைத்தது நீங்கள்தானாம்.

“விசாரணைக்கு வந்தவங்களுக்கு முடிச்சைப் பத்தித் தெரியாது. நாங்க சொல்லியிருந்தா, எதுக்காக ஊத்தினான்னு கேட்பாங்க. விடுதியில நடந்தது வெளிய வரும். நாலு பேருக்கும் படிப்பு போயிடும். அதனால நானும் வாயைத் தொறக்கல. உங்கப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளும்மா. அன்னிக்கு எத்தனை முடிச்சு?”

நானும் அதைத்தான் கேட்கிறேன்.

தெரியாமல் நடந்தது என்றால் நான் போவேன். என் அப்பாவின் காதும் அவருடைய கண்ணும் உங்கள் இரண்டு பேருக்கும் நடந்த கெட்ட காலம் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். தெரிந்தே செய்தது என்றால், தினமும் அந்த முகத்துக்கு முன்னால் நின்று அவர் கற்றுக்கொடுப்பதை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று யோசிக்கவேண்டும். இரண்டில் எதுவானாலும் முடிவு என்னுடையது. பொய்யின்மேல் நின்று மட்டும் என்னால் முடிவெடுக்க முடியாது.

கதவையும் தெரியாமல் சாத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது நான் கதவைப் பார்க்கவில்லை. உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா

•

ஜூன் 30

இரண்டு.

இந்த ஒரு சொல்லை எழுத எனக்குப் பதினான்கு நாள் ஆனது. இதற்கு முன் நான்கு கடிதம் எழுதினேன். நான்கிலும் எனக்கு நல்ல காரணங்கள் இருந்தன. படித்துப் பார்த்தால் நான்கும் விசாரணைக் குழுவுக்கு நான் அன்று எழுதிக்கொடுத்தது போலவே இருந்தன. கிழித்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லாததால் கிழிக்கிற சத்தம் நல்ல காதுக்கு நன்றாகவே கேட்டது.

நடந்தது இது. அவர்கள் என்னை மிதித்து எட்டு நாள் ஆகியிருந்தது. காதில் பஞ்சு வைத்திருந்தேன், சீழ் வடிந்துகொண்டிருந்தது. நெட்டையன் என் இடது பக்கம் வந்து நின்று, செத்த காதுக்குள் ஏதோ சொன்னான். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவன் என்ன சொன்னான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவேளை மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கலாம், அதற்கும் அந்தக் கூட்டம் சிரிக்கும்.

புட்டித் தட்டுப் பக்கம் கையை நீட்டினேன். முதலில் என் விரலில் பட்டது ஒரு முடிச்சு. அதை விட்டுவிட்டேன். அடுத்த புட்டிக்குக் கையைக் கொண்டுபோனேன். இரண்டு முடிச்சு. இரண்டையும் தனித்தனியாகத் தடவிப் பார்த்தேன். தூக்கினேன். அடர் கந்தக அமிலம் தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம் என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முடிச்சே இல்லாவிட்டாலும் கைக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடி மூடியைத் திருகி எடுத்து, மேசையில் உருண்டு விழாமல் நிமிர்த்தி வைத்தேன். ஆம், அதற்கும் நேரம் இருந்தது. பிறகு அவன் பக்கம் திரும்பி, கழுத்துக்கு மேலே குறி பார்த்து வீசினேன்.

அவன் கத்தவில்லை முதலில். கையால் முகத்தைத் துடைக்கப் பார்த்தான். துடைத்த இடமெல்லாம் கையோடு வந்தது. பிறகுதான் கத்தினான். தண்ணீர்க் குழாய் என் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நான் திறக்கவில்லை. பக்கத்து மேசைக்காரன் ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டு, அவன் தலையைக் குழாயடியில் அழுத்தினான். அந்தப் பக்கத்து மேசைக்காரன் வர எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரம் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கண் மிஞ்சியது அவனால். என்னால் இல்லை.

குழுவில் மூன்று பேர். மூவரும் புட்டியைக் கையால் தொட்டுப் பத்து வருடம் ஆனவர்கள். “லேபிள் எங்கே?” என்று கேட்டார்கள். “உதிர்ந்துவிட்டது” என்றேன். உண்மைதான். எழுதிக்கொண்டார்கள். அமைதியாக வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய்விடு என்றார்கள். மாறுதல் சான்றிதழில், நடத்தை நன்று என்று எழுதிக்கொடுத்தார்கள். நான் அங்கிருந்து இங்கே மாறி வந்த கதை இதுதான். திறமையைப் பார்த்துப் பொறாமையில் துரத்திவிட்டார்கள் என்று நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து சொல்லிவந்தேன். சொல்லிச் சொல்லி நானே பாதி நம்பிவிட்டேன்.

கதவு. நிலையில் உன் நான்கு விரல் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன். இதற்குக் குழு கிடையாது, லேபிளும் கிடையாது.

நெட்டையன் முகத்துக்காக நான் வருந்துகிறேன் என்று எழுதினால் அது மறுபடியும் பொய். வருந்தவில்லை. இன்றும் என் வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் உலகமே செத்த மாதிரி ஆகிவிடுகிறது. அப்போதெல்லாம் அவனை நினைத்துக்கொள்கிறேன், நிம்மதியாக இருக்கிறது. நான் அப்படிப்பட்டவன். உன் மாமாவைக் குத்தியதும் அவர் தடுத்ததனால் இல்லை. வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று அவர் சொன்னதனால். எனக்கு நல்லவர்களைக் கண்டால் ஆகாது. அவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டு, ஜோக் அடிக்க உதவும்.

உன் விரல் வேறு. அதைப் பற்றி என்னால் ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. எழுதினால் அழுகை மாதிரி ஏதோ வந்து, அதைக் காட்டி உன்னை மறுபடியும் வீட்டுக்கு இழுக்கப் பார்ப்பேன்.

இப்போது ஒரு வேடிக்கை. நீ அங்கே போகக்கூடாது என்பதுதான் என் ஆசை. உண்மையைச் சொன்னால் நீ போகாமல் இருக்கலாம் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆக, முதல் கடிதத்திலேயே இரண்டு முடிச்சு என்று எழுதியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நாற்காலியும் பல்லும் மிஞ்சியிருக்கும். இத்தனை வருடம் படித்த மூளைக்கு இது எட்டவில்லை. இப்போது எட்டியபோது, அதை அப்படிப் பயன்படுத்த மனம் வரவில்லை. இது ஒன்றுதான் இந்த மாதம் நான் செய்த ஒழுங்கான காரியம் என்று நினைக்கிறேன். அதையும் நம்பாதே, ஆறப்போட்டுப் பார்.

நாற்பதில் நாற்பதாவதாக இருப்பாய் என்று பயமுறுத்தினேன். அது என் பயம். நான் முதலாவதாக இல்லாத இடத்தில் ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லை. இந்தச் சின்னத் துறையில் எனக்குக் கீழே ஆட்கள் இருக்கவேண்டும் என்பதற்காகவே இருபத்திநான்கு வருடம் இருந்தேன், அவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போய் எனக்கு விடுப்புக் கொடுக்கிறார்கள். ஒரு வருடம் வீணாகுமே என்று கணக்குப் போடாதே. நான் இருபத்திநான்கை வீணாக்கியவன், எனக்கு அதன் விலை தெரியும்.

அவனிடம் போவதானால், முடிச்சு எத்தனை என்பதை முதல் நாளே நீயே சொல்லிவிடு. அவன் உன்னை முகம் சுளித்துப் பார்த்தால் அடுத்த வண்டியில் திரும்பு, உன் அத்தை வீட்டுக்கு. என்னிடம் வராதே. சுளிக்கவில்லை என்றால் இருந்து படி. அவன் வேலை தெரிந்தவன். இதை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறேன், அவன் வேலை தெரிந்தவன். கட்டுப் பிரித்த பிறகு வலது கை குடுவையைச் சுழற்ற மறுக்கும். அவசரப்படாதே. ஒரு மாதம் வெறும் தண்ணீரை வைத்துச் சுழற்றிப் பழகு.

ஒப்புதல் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மடித்த இடத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, ஒட்டியிருக்கிறேன். கேட்ட மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று. அதை அனுப்புவதோ கிழிப்பதோ உன் இஷ்டம்.

இந்தக் கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடத்தான் முடியவில்லை. மூன்று முறை பேனாவை எடுத்தேன். பெயரை எழுதினால் இது வாக்குமூலம். எனக்கு இன்னும் ஆறு வருட வேலை இருக்கிறது, ஜெயில் என்று ஒன்று இருக்கிறது, பயமாக இருக்கிறது. அதைப் பூசி மெழுக விரும்பவில்லை. ‘உன் அப்பா’ என்று எழுதப் போனேன். அதை உன்னைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று தோன்றியது. தபால்காரர் நாலரை மணிக்குப் பெட்டியைத் திறப்பார், இப்போது மணி நாலே கால். நாளை என்று வைத்தால் இரண்டை ஒன்றாகத் திருத்திவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அடியில் ஒன்றும் எழுதாமல் இப்படியே உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.